கொடியில் விழும் கரியும் கண்ணில் படாத துகளும்

அன்புள்ள ஐயா,

காற்றுத்துகளை எக்ஸ்ரே நுண்ணோக்கியில் ஆராய்வது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். சம்பா அறுப்பு முடிந்தால் கொடியில் காயும் துணியெல்லாம் கரித்தூள். ஊர்க்காரர்கள் ரைஸ் மில்லைச் சொல்கிறார்கள். மில்காரரோ, "நீங்க வயல்ல நெல்லுத்தாள் கொளுத்துறீங்களே" என்கிறார். அந்தக் கருவியில் ஒரு துகளை வைத்துப் பார்த்தால் இந்தச் சண்டை தீருமா? தீராது என்றால், தூசியின் அளவைச் சொல்ல மீட்டர் இருக்கும்போது இவ்வளவு பெரிய இயந்திரம் எதற்கு?

*

அன்புள்ள டீச்சருக்கு,

தீராது. உங்கள் துணியில் விழுவது கண்ணுக்குத் தெரிகிற சாம்பல் துணுக்கு. நான் எழுதியது ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சின்னதான துகளைப் பற்றி. அது அவ்வளவு சீக்கிரம் கீழே விழாது. நாள்கணக்கில் காற்றிலேயே மிதக்கும், மூச்சோடு நுரையீரலின் அடிவரை போகும். போதாக்குறைக்கு, வயலில் எரியும் வைக்கோலும் மில்லில் எரியும் உமியும் ஒரே பயிரிலிருந்து வருபவை. இரண்டின் புகையிலும் பொட்டாசியம் இருக்கும். எந்தப் புகைபோக்கியிலிருந்து வந்தது என்று துகளின் மேல் எழுதியிருக்காது.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. பி.எம். 2.5 துகள், அதாவது 2.5 மைக்ரானோ அதற்கும் குறைவாகவோ குறுக்களவுள்ள துகள், ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தரம். தூசி மீட்டர் சொல்வது அந்த அளவை மட்டும்தான். துகள் அரை மைக்ரான் குறுக்களவு என்று வைத்துக்கொண்டால் ஒரே மைக்ரோகிராமில் ஏறக்குறைய ஒரு கோடித் துகள்கள் இருக்கும். அவற்றில் எது புகைக்கரி, எது நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்த உப்பு, எது இரண்டும் ஒட்டிக்கொண்டது என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. சந்தைக்குப் போய்வந்த பையை மொத்தமாக எடைபோட்டுவிட்டு என்ன குழம்பு வைக்கப்போகிறீர்கள் என்று கேட்பது மாதிரி.

இப்போது ஒரே ஒரு துகளை எடுத்துக்கொள்ளுங்கள். 100 நானோமீட்டர், அதாவது மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே தடிமனுள்ள சிலிக்கான் நைட்ரைடு சவ்வின் மேல் அது உட்கார்ந்திருக்கிறது. சின்க்ரோட்ரான் என்ற, எலெக்ட்ரான்களை வட்டப்பாதையில் ஓடவிட்டு எக்ஸ்ரே எடுக்கும் பெரிய இயந்திரத்திலிருந்து வரும் மென் (ஆற்றல் குறைந்த) எக்ஸ்ரேயை 30 நானோமீட்டர் அளவுள்ள புள்ளியாகக் குவித்து, அந்தப் புள்ளிக்கு அடியில் சவ்வைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு கதிர் மறுபக்கம் போகிறது என்று அளந்தால் ஒரு படம் கிடைக்கும். அப்புறம் கதிரின் ஆற்றலைச் சற்று ஏற்றி மறுபடி ஒரு படம். எலெக்ட்ரான் வோல்ட் என்பது அந்த ஆற்றலை அளக்கும் அலகு. இப்படி 280 எலெக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே தொடங்கி 320 வரை போவார்கள்; கார்பன் கதிரை உறிஞ்சுவது இந்த இடைவெளியில்தான்.

285-ஐ ஒட்டி ஒரு பகுதி பளிச்சென்று கதிரை உறிஞ்சினால், அங்கே இரட்டைப் பிணைப்புள்ள கார்பன், அதாவது புகைக்கரி. 288.5 பக்கம் உறிஞ்சினால் கரிம அமிலம்; புகை காற்றில் பழசாகப் பழசாக இது கூடும். கார்பனுக்காகப் போட்ட அதே வரிசையில் 297-க்கும் 300-க்கும் பக்கத்தில் உறிஞ்சும் அளவைக் காட்டும் வரைகோட்டில் இரண்டு கூம்புகள் தலைகாட்டினால் அது பொட்டாசியம். தனியாகத் தேட வேண்டியதே இல்லை, கூடவே வந்துவிடுகிறது. எனக்கு இந்த முறை பிடித்துப்போனதே இதனால்தான். 2012-ல் அமேசான் காட்டுக் காற்றை ஆராய்ந்தவர்கள் புகையே இல்லாத சமயத்திலும் துகளுக்குள் பொட்டாசிய உப்பைக் கண்டார்கள். அது காட்டின் செடிகொடிகளும் பூஞ்சைகளும் விட்டது. பொட்டாசியத்தைப் பார்த்தவுடனே யாரோ எரித்தார்கள் என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இது நல்ல சாட்சி.

உள்ளே எது எங்கே இருக்கிறது என்பதால் என்ன வந்தது? கரி தனியாக மிதந்தால் ஒரு அளவு வெயிலை உறிஞ்சும். மேலே கரிமப் பூச்சு ஏறினால் இன்னும் கூடுதலாக உறிஞ்சக்கூடும். உப்பு கலந்திருந்தால் கதை வேறு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டினால் சோடியம் குளோரைடு நீரை இழுத்துக் கரையும், பொட்டாசியம் குளோரைடுக்கு 84 வேண்டும். நம் பக்கத்துத் தை மாதக் காலையில் இரண்டுமே தாராளமாகக் கிடைக்கும். அப்போது துகள் ஊதிப் பெரிதாகும், மூட்டம் கனக்கும். ஈரப்பதத்தை மாற்ற வசதியுள்ள சின்னஞ்சிறு அறைக்குள் வைத்து, துகள் ஊதுவதை எக்ஸ்ரேயிலேயே பார்க்கிறார்கள்.

குறையும் உண்டு. கதிரே சில சேர்மங்களைச் சிதைத்துவிடும். ஆவியாகிற பொருள் கருவிக்குப் போவதற்குள் பறந்துவிடும். சில நூறு துகள்களைப் பார்த்துவிட்டு ஒரு வட்டாரத்துக் காற்றைப் பற்றிப் பேசுவதில் எனக்கு எப்போதும் தயக்கம்தான். கருவியும் நினைத்தபோது கிடைப்பதல்ல. அமெரிக்காவில் பெர்க்லி, சுவிட்சர்லாந்தில் வில்லிகன் போன்ற இடங்களில் ஆய்வாளர்கள் விண்ணப்பித்து நேரம் வாங்குகிறார்கள். நம் நாட்டில் சின்க்ரோட்ரான்கள் இருப்பது இந்தோரில்.

சரி, உங்கள் கொடிக்கு வருவோம். பஞ்சாப் அளவுக்கு நாம் கொளுத்துவதில்லை, மாட்டுக்கு வைக்கோல் வேண்டுமே. ஆனாலும் மெஷின் அறுத்த வயலில் நிற்கும் தாளுக்குத் தீ வைப்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் இருக்கும் கண்ணாடி ஸ்லைடில் வாசலின் தடவி மாடியில் வையுங்கள். தேதி, காற்றுத் திசை, மில் ஓடியதா, யாராவது வயலில் தீ வைத்தார்களா என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய துணுக்குகளை லென்ஸில் பாருங்கள். உமி எரிந்தாலும் பெரும்பாலும் சிலிக்காக் கூடாக மிஞ்சும்; நொறுங்காத துண்டில் உமியின் வளைந்த தொன்னை வடிவம் தெரியலாம். தாள் சாம்பல் பெரும்பாலும் நீளவாக்கில் பிளந்த செதிலாக இருக்கும். மில் ஓடாத நாளிலும் கட்டாயம் ஒரு ஸ்லைடு வையுங்கள், அது இல்லாவிட்டால் மற்ற ஸ்லைடுகளை வைத்து எதையும் சொல்ல முடியாது. முடிந்தால் மில்காரரின் மாடியிலும் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அவர் வீட்டிலும் துணி காயத்தானே செய்யும்.

அன்புடன்.