கட் ஆஃப் 158: எந்தப் பாடப்பிரிவு எடுப்பது, கல்லூரிக்குப் போகத்தான் வேண்டுமா?

பிளஸ் டூ முடித்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: பொறியியல் சேர்க்கைக்கான கட் ஆஃப் மதிப்பெண் 200க்கு 158. மாமா கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார், தனக்கு மெக்கானிக்கல் மீது ஆசை, அப்பாவோ படித்தது போதும், வேலைக்குப் போ என்கிறார். என்ன செய்யலாம்?

சிறிய ஊர் ஒன்றில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் பதிய வரும் குடும்பங்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து கல்லூரிப் பெயர்களை அடுக்குபவர் மாமாவோ சித்தப்பாவோதான். படிக்கப் போகிற பிள்ளை பின்னால் நின்றுகொண்டிருக்கும். தம்பி, அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.

பட்டியலைப் பயத்தில் நிரப்பாதீர்கள். 'இதெல்லாம் நமக்கு எங்கே கிடைக்கப்போகிறது' என்று பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளிவிட்டு, நிச்சயம் கிடைக்கும் என்று தோன்றுவதை முதலில் வைப்பவர்கள் ஏராளம். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது கணினி பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும்; இடம் இருக்கிற முதல் விருப்பத்தைக் கொடுத்துவிடும். எட்டாத பத்துக் கல்லூரிகளை மேலே எழுதியதற்காகக் கீழே இருப்பது பறிபோகாது. எத்தனை விருப்பங்கள் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றிருக்க, ஏழெட்டோடு எழுந்து போகிறவர்களை என்ன சொல்ல? தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகும், அதை ஏற்றுக்கொண்டே அதற்கு மேலுள்ள விருப்பங்களுக்குக் காத்திருக்க வழி உண்டு.

கம்ப்யூட்டரா மெக்கானிக்கலா என்பதைவிட, எந்தக் கல்லூரி என்பதுதான் என் கவலை. இங்கே உங்கள் ஆசை உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஒரே கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் முதலில் தீர்ந்துவிடும். மெக்கானிக்கல், சிவில் பெரும்பாலும் குறைந்த கட் ஆஃப் வரை நிற்கும். அதாவது, கம்ப்யூட்டருக்கு 158 உங்களைக் கொண்டுபோய்விடும் கல்லூரியைவிட நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் கிடைக்க வாய்ப்பு அதிகம். கோயம்புத்தூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் போன்ற தொழில் நகரங்கள் இருக்கிற மாநிலத்தில் மெக்கானிக்கலுக்கு வேலையே இல்லை என்பது மாமாவின் வீண் பயம்.

கல்லூரியை எடைபோட, அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதப் பட்டியலைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றை இதில் ஒப்பிட முடியாது. முந்தைய ஆண்டுகளில் எந்த கட் ஆஃப் வரை இடம் போனது என்பதையும் அதன் அருகில் வைத்துப் பாருங்கள். பிறகு அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒருவரைப் பிடித்து, ஆய்வகத்தில் கருவி ஓடுகிறதா, ஆசிரியர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்களா என்று கேளுங்கள். பஸ்ஸின் முதுகில் எழுதியிருக்கும் நூறு சதவீத வேலைவாய்ப்பை நான் நம்புவதில்லை. கலந்தாய்வுக்கு வெளியே கல்லூரியே நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்காக நிலத்தை விற்பதை அடியோடு எதிர்க்கிறேன்.

தேர்ச்சி விகிதம் படுமோசமான கல்லூரிதான் கிடைக்கிறது என்றால், அப்பா சொல்வதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதிக்கு பாலிடெக்னிக் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே ஆண்டில் முடித்து வேலைக்குப் போகலாம். பின்னாளில் மனம் வந்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் முடியும். அரசு வேலை அப்பாவின் மனத்தில் இருந்தால், குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும். ஆனால் குரூப் 2, குரூப் 1 தேர்வுகளுக்குப் பட்டம் வேண்டும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

செலவுதான் அவருடைய தயக்கம் என்றால், நீங்கள் ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவரா என்பதைப் பொறுத்து நிறைய மாறும். அப்படியானால் 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை என்றால், கட்டணச் சலுகைக்கான முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கலந்தாய்வு நெருங்கும் வாரத்தில் அங்கே நிற்க இடம் இருக்காது.