வீட்டில் ஒருத்தி, அலுவலகத்தில் ஒருத்தி: இதற்குப் பயிற்சி தேவையா?

கேள்வி: கோலாலம்பூர் பங்சாரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பணிபுரிகிறேன். வாடிக்கையாளர்களிடம் ஆங்கிலத்திலும் மலாயிலும் கலகலவென்று பேசும் நான், செந்தூலில் வீட்டுக்குத் திரும்பினால் பெரியவர்கள் முன் வாய் திறப்பதில்லை. எல்லாம் நடிப்பு என்று என்றாவது பிடிபட்டுவிடுவேனோ என அஞ்சுகிறேன். ‘உண்மையான உங்களைக் கண்டறியுங்கள்’ என்ற தன்முனைப்புப் பயிற்சிக்கு 2,800 ரிங்கிட் கேட்கிறார்கள். 300 ரிங்கிட் முன்பணம் கட்டிவிட்டேன். சேரலாமா?

பதில்: மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள், சகோதரி.

இது நோய் அன்று. சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன், ஷெட்லாந்து தீவுகளில் ஓர் ஓட்டலின் உணவுக் கூடத்தில் பவ்வியமாக இருக்கும் பணியாளர்கள் சமையலறைக்குள் நுழைந்ததும் வேறு விதமாக நடந்துகொள்வதைக் கவனித்து, 1956இல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார். பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளிலும் மதிய வேளையில் இதைக் காணலாம்: ‘இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா’ என்று குனிந்து கேட்பவரேதான் பின்கட்டில் இலை அடுக்குபவரை அதட்டுகிறார், அவரைப் போலி என்று எவரும் சொல்வதில்லை. பிடிபடும் அச்சத்தைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கூச்சம் தரும் படமுள்ள டி-சட்டை அணிந்த மாணவர்கள் அறையில் ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நினைக்க, உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேரே.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உள்ளே எரிச்சல் கொதிக்க, முகத்தில் மட்டும் புன்னகையை ஒட்டிவைத்து நாள் முழுவதும் வேலை செய்வது வேறு விஷயம். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983இலேயே இதைப் பற்றி எழுதினார். அந்தப் புன்னகை ஆளையே களைக்க வைக்கும். தூக்கம் கெடுகிறதா, ஞாயிறு மாலையிலேயே வயிறு பிசைகிறதா, வீட்டில் உங்கள் மௌனம் மரியாதையால் வருவதா அல்லது பேசச் சக்தியே மிஞ்சாததால் வருவதா என்று பாருங்கள். சக்தி மிஞ்சவில்லை என்றால் கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசாங்க சுகாதார நிலையத்துக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து உளவியலாளரைப் பார்க்கத் தேதி கிடைப்பதற்குள் பொறுமை போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். இந்தப் பயிற்சிக்காரர்கள் கடை விரிப்பதே அந்த இடைவெளியில்தான்.

அவர்கள் முறை பெரும்பாலும் ஒன்றே. ஓட்டல் மண்டபத்தில் இலவச அறிமுகம், கடைசி ஒரு மணி நேரத்தில் விளக்கை மங்கவைத்து அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொல்வது, கண்ணீர் காய்வதற்குள் கார்டு இயந்திரத்துடன் ஒருவர் வந்து ‘இன்றே கட்டினால் பாதி விலை’ என்பது. உங்களைத் தோழி யாராவது அழைத்துப் போயிருந்தால், அவருக்குக் கமிஷன் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

மலேசியாவின் 1998ஆம் ஆண்டுக் கவுன்சிலர்கள் சட்டப்படி, கவுன்சிலராக, அதாவது உளவள ஆலோசகராக, தொழில் செய்பவருக்குப் பதிவும் செல்லுபடியாகும் தொழிற்சான்றிதழும் வேண்டும். ‘கோச்’ என்று பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் கேட்பாரில்லை. இத்தனை ஆண்டுகளாகியும் இந்த ஓட்டையை அடைக்க யாருக்கும் அவசரமில்லை. ஆகவே பதிவு எண்ணை நீங்களே கேளுங்கள். முன்பணத்தைத் திருப்பித் தருமாறு எழுத்தில் கோருங்கள். வாட்ஸ்அப் செய்திகளையும் ரசீதையும் அழிக்காதீர்கள். மறுத்தால் 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதியலாம். அதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.