மறுமொழி: ராத்திரி சாப்பிடாமல் படுக்கும் 14 வயது மகள்

சகோதரி, கல்யாண வீட்டில் யாரோ கேலி செய்ததிலிருந்து 68 கிலோ இருக்கும் மகள் ராத்திரி பட்டினியாகப் படுக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தப் பட்டினியை நிறுத்துங்கள். ராத்திரி விட்டதைப் பிள்ளைகள் மறுநாள் சாயங்காலம் மிக்சர் டப்பாவில் பிடித்துவிடுவார்கள். பெரியவர்களுக்கான பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று காட்டும் எண்) அளவுகள் இவளுக்குப் பொருந்தாது. வயதுக்கேற்ற வளர்ச்சி வரைபடத்தை வைத்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் கும்பகோணம் பக்கம். குழம்பு, ரசம், மோர் என்று மூன்று தடவை சோறு போட்டே பழகிய வீடு. எடை கூடியிருந்த என் பையனுக்காக ரசத்துச் சோற்றை எடுத்துவிட்டு ரசத்தை டம்ளரில் கொடுத்தேன். அந்த இடத்துக்கு வாழைத்தண்டுப் பொரியலும் ஒரு முட்டையும். எங்கள் எல்லாருக்கும் அதே தட்டுதான். அவனுக்கு மட்டும் தனி என்றால் அது தண்டனை. உண்மையில் வில்லன் சோறுகூட இல்லை, டியூஷன் வாசலில் தினமும் வாங்கிய பப்ஸும் குளிர்பானமும்தான்.

தினம் ஒரு மணி நேரமாவது உடம்பு அசையட்டும். டியூஷனுக்கு வண்டியில் கொண்டுவிடாமல் வாய்க்கால் ரோட்டில் சைக்கிளில் போகவிடுங்கள். குறைந்தது எட்டு மணி நேரத் தூக்கமும் வேண்டும்.

அப்புறம், கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறதா பாருங்கள். அழுக்கென்று தேய்க்காதீர்கள், இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். மாதவிலக்கு தள்ளித் தள்ளிப் போனாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். கேலி செய்த உறவுக்காரரிடம் நீங்களே பேசிவிடுங்கள், அவள் காதுபட.