வகுப்பறையில் வாத்து முட்டை: முதலில் குஞ்சுக்கு ஒரு வீடு பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரப் பாலர் பள்ளி ஒன்றில் கே2 (பாலர் பள்ளி இரண்டாம் ஆண்டு) ஆசிரியராக இருக்கிறேன். உயிரினங்களின் வளர்ச்சியைக் காட்ட, வகுப்பிலேயே இன்குபேட்டர் வைத்து வாத்து முட்டை பொரிக்கலாம் என்று யோசனை. தேக்கா சந்தையில் விற்கும் வாத்து முட்டை போதுமா? எந்த நாளில் வைத்தால் பிள்ளைகள் கண்முன் பொரிக்கும்? ஏர்கான் வகுப்பு, அதனால் பாதகம் உண்டா? பொரித்த குஞ்சுகளை என்ன செய்வது? பக்கத்துக் குளத்தில் விட்டுவிடலாம் என்கிறார் ஒரு பெற்றோர்.

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு விடை இல்லையென்றால் மற்ற மூன்றுக்கும் வேலையே இல்லை.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் வாத்து பத்து வருடம்கூட இருக்கும். உங்கள் பாடம் ஆறு வாரத்தில் முடிந்துவிடும். அப்புறம் யார் பார்ப்பது? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் கோழி, வாத்து வளர்க்க அனுமதி கிடையாது. ஆகவே "எங்கள் பிள்ளை ஒன்றைக் கொண்டுவரட்டும்" என்று ஆசையாகச் சொல்லும் பெற்றோரில் பெரும்பாலானவர்களால் அதைச் செய்ய முடியாது. தரை வீட்டில் இருப்பவர்கள் பத்துப் பறவைகள் வரை வளர்க்கலாம். ஆனால் வெளிப் பறவைகள் உள்ளே வராதபடி வலையடித்த கூண்டு இருக்க வேண்டும், பறவைக் காய்ச்சல் பயம் அப்படி. ஒற்றைக் குஞ்சைக் கொடுப்பதும் சரிவராது. வாத்து கூட்டமாக வாழும் பிராணி, குறைந்தது இரண்டு மூன்றாவது சேர்ந்து போக வேண்டும்.

குளத்தில் விடும் பேச்சே வேண்டாம். வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது இங்கே குற்றம். முதல் முறை பிடிபட்டாலே 10,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். பண்ணை வாத்துகள் பெரும்பாலும் பறக்கத் தெரியாதவை, நம் குளக்கரைகளிலோ நீர் உடும்பும் மலைப்பாம்பும் உண்டு. பொரித்த ஓரிரு நாளில் முதலில் பார்க்கும் அசையும் உருவத்தைத் தாயாக எண்ணிப் பின்னாலேயே ஓடுவது வாத்துக் குஞ்சின் இயல்பு. 1973இல் நோபெல் பரிசு பெற்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ், வாத்து இனத்தைச் சேர்ந்த கிரேலாக் கூஸ் குஞ்சுகள் தம் பின்னால் வரிசையாக நடந்ததைக் காட்டித்தான் இதை உலகறியச் செய்தார். உங்கள் வகுப்புக் குஞ்சுக்கு அந்தத் தாய் நீங்கள்தான். அதைக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர உங்களால் முடியுமா?

அதனால் என் யோசனை இது. முட்டை வரும் இடமும் குஞ்சு திரும்பும் இடமும் ஒன்றாக இருக்கட்டும். ஆணும் பெண்ணுமாக வாத்து வளர்க்கும் ஒருவரிடம் பேசி, பொரிக்கும் குஞ்சு அத்தனையையும், ஆண் குஞ்சு உட்பட, திரும்ப எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்குங்கள். ஆணா பெண்ணா என்று குரலை வைத்துத் தெரிந்துகொள்ளவே ஒன்றரை, இரண்டு மாதமாகும். பெண் வாத்துதான் உரக்கக் கத்தும், ஆணுக்குக் கம்மிய குரல். 2017இல் சின் மிங் வட்டாரத்தில் கோழிச் சத்தம் எவ்வளவு பெரிய விவகாரமானது என்பது நினைவிருக்கும். அடுக்குமாடிகளுக்கு நடுவே உள்ள பாலர் பள்ளிக்கு இது சின்ன விஷயமில்லை. அடை வைப்பதற்கு முன்பே, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவையிடம் உங்கள் திட்டத்தைச் சொல்லி, பள்ளி வளாகத்துக்கு என்ன நிபந்தனை என்று கேட்டுவிடுங்கள்.

சரி, இனி முட்டை.

2020இல் பிரிட்டனில் ஒரு பெண் சூப்பர்மார்க்கெட் வாத்து முட்டையை இன்குபேட்டரில் வைத்துக் குஞ்சு பொரித்த செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. அதிலிருந்து இந்தச் சந்தேகம் பலருக்கும் வருகிறது. அது அபூர்வம், செய்தியானதே அதனால்தான். சாப்பாட்டுக்கு வரும் முட்டைகள் பெரும்பாலும் ஆண் இல்லாத பண்ணையில் இட்டவை. கரு கூடியிருந்தாலும், கப்பலிலும் லாரியிலும் குளிரூட்டியிலும் போன நாள்களைத் தாண்டி அது உயிரோடு இருப்பது சந்தேகம். அடைக்கு வைக்கும் முட்டை இட்டு ஏழு நாளுக்குள் இருக்க வேண்டும், 13 முதல் 18 டிகிரிக்குள் காத்து வைத்திருக்க வேண்டும். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் வெளியே கிடந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிக் கெட்டுப்போகும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியோ அதற்கு மிகவும் குளிர். ஆகவே அதிக நாள் சேர்த்து வைக்காமல், கிடைத்த முட்டையை ஒருநாள் கூர்முனை கீழாக அசையாமல் வைத்துவிட்டு அடைக்குப் போடுங்கள்.

ஜொகூரில் சித்தப்பா வீட்டில் வாத்து இருக்கிறது, வரும்போது பையில் நான்கு முட்டை போட்டுக்கொண்டு வரலாம் என்று யாராவது சொல்வார்கள். பொரிக்கும் முட்டையைக் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொள்ளாதீர்கள். குளக்கரைப் புதரில் காட்டு வாத்துக் கூட்டைப் பார்த்தாலும் தொடக்கூடாது.

முட்டையைக் கழுவ வேண்டாம். கழுவினால் ஓட்டின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலம் போய், நுண்துளை வழியாகக் கிருமி உள்ளே இறங்கும். சேறு அப்பிய முட்டையை ஒதுக்கிவிடுங்கள். அழுகிய வாத்து முட்டை இன்குபேட்டருக்குள் வெடித்தால் அந்த நாற்றத்தோடு பாடம் நடத்த முடியாது.

ஏர்கான் பற்றிக் கேட்டீர்களே, நல்ல கேள்வி. இணைய வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. 37.5 டிகிரி வெப்பம், முதல் 25 நாள் 55 விழுக்காடு ஈரப்பதம், தொட்டி நிறையத் தண்ணீர் என்பார்கள். வெப்பம் எங்கும் ஒன்றுதான், தண்ணீர்க் கணக்கு இங்கே வேறு. மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று இன்குபேட்டருக்குள் சூடானதும், சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே 47 விழுக்காடு அளவில் நிற்கும். சின்னத் தொட்டியில் கொஞ்சம் ஊற்றினால் சரியாகிவிடும். ஏர்கான் அறையில் 24 டிகிரி, 60 விழுக்காடு என்றால் அதே கணக்கு 28 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். பகலில் ஏர்கான், இரவில் அணைப்பு என்றால் முட்டைக்கு ஒரே நாளில் இரண்டு ஊர். முடிந்தால் ஏர்கான் இல்லாத அறையில் வையுங்கள். வகுப்பில்தான் வைக்க வேண்டுமென்றால், காற்று நேராக அடிக்காத மூலையில், சன்னல் வெயில் படாத இடத்தில் வைத்து, காலையிலும் மாலையிலும் ஈரப்பதத்தைப் பாருங்கள்.

அதைவிட நம்பகமான வழி தராசு. அடைகாக்கும்போது நீராவி வெளியேறி முட்டை எடை குறைந்துகொண்டே வரும். 70 கிராம் முட்டை 25ஆம் நாளில் ஏறக்குறைய 61 கிராமுக்கு வந்திருந்தால் சரியான பாதை. அதாவது வாரத்துக்கு இரண்டரை கிராம். பிள்ளைகளே நிறுத்துச் சுவரில் கோடு வரையட்டும். எடை குறையவே இல்லையென்றால் தண்ணீர் அதிகம், வேகமாகக் குறைந்தால் தண்ணீர் போதவில்லை.

வாத்துக்கு 28 நாள். மஸ்கோவி வகை மட்டும் 35 நாள், அதனால் முட்டை தருபவரிடம் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாளைப் பொறுத்தவரை என் தேர்வு வியாழக்கிழமை. வியாழன் வைத்தால் 7, 14ஆம் நாள்கள் வியாழனில் வரும், 25ஆம் நாள் திங்கள், 28ஆம் நாள் மறுபடி வியாழன். ஓட்டில் முதல் வெடிப்பு செவ்வாய், புதனில் தெரியும், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். திங்கள் வைத்தால் பெரும்பாலும் வெறும் வகுப்பறையில் சனி, ஞாயிறு பொரித்து முடிந்திருக்கும். தவணையின் இரண்டாவது வாரத்தில் தொடங்கினால் ஆறாவது வாரம் குஞ்சு வரும், விடுமுறைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

முட்டை திருப்பும் வேலைக்குத் தானாகத் திருப்பும் கருவி கட்டாயம். கையால் திருப்பினால் தினமும் மூன்று முறையாவது செய்ய வேண்டும், வார இறுதியில் யார் வருவார்? வாத்து முட்டை பெரியது, சில கோழி முட்டைத் தட்டுகளில் அடங்காது என்பதையும் பார்த்து வாங்குங்கள். முட்டை வைப்பதற்கு இரண்டு நாள் முன்பே வெறும் இன்குபேட்டரை ஓடவிட்டு, காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை உள்ளே வைத்துச் சரிபாருங்கள். அதற்கு இந்த வெப்பநிலையில்தான் துல்லியம் அதிகம். சுவர் சுவிட்சின் மேல் டேப் ஒட்டி, "அணைக்க வேண்டாம்" என்று நான்கு மொழிகளிலும் எழுதி வையுங்கள். இரவில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போவது துப்புரவு ஊழியரின் நல்ல பழக்கம், அதைக் குறை சொல்ல முடியாது.

ஏழாம் நாள்தான் வகுப்பு வாய்பிளக்கும் நாள். விளக்கை அணைத்து, முட்டையின் அகன்ற முனையில் சிறிய டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். உயிருள்ள முட்டையில் சிவப்பு நரம்புகள் சிலந்திக் கால்கள் மாதிரி நாலாபக்கமும் ஓடும், நடுவில் ஒரு கரும்புள்ளி. அசையாமல் பார்த்தால் அது துடிப்பது தெரியும். ஒன்றுமில்லாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் கரு கூடவில்லை. நரம்பின்றி ரத்த வளையம் மட்டும் இருந்தால் கரு தொடங்கி நின்றுவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம், "இது வளரவில்லை" என்று சொன்னால் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடச் சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறார்கள். வைத்ததெல்லாம் பொரிக்காது என்பதை முதல் நாளே சொல்லிவையுங்கள். பொரிக்கும்வரை குஞ்சுக்குப் பெயர் வைக்க விடாதீர்கள்.

ஒரு சின்ன யோசனை. ஊரில் வாத்து முட்டையைக் கோழியின் கீழ் அடை வைப்பது வழக்கம். பண்ணை வாத்து முட்டையிடும், ஆனால் பல வகைகள் பொறுமையாக உட்காராது. கோழியோ தன் 21 நாள் கணக்கைத் தாண்டி இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்துவிடும். இதைப் பார்த்து வளர்ந்த தாத்தா, பாட்டி யாராவது உங்கள் பெற்றோர் வட்டத்தில் இருப்பார்கள். ஒருநாள் வகுப்புக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

25ஆம் நாள், திங்கள் காலை, திருப்பும் கருவியை நிறுத்தி முட்டைகளைப் படுக்கவைத்து, தண்ணீர் ஊற்றி ஈரப்பதத்தை 70 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றுங்கள். அதன்பின் மூடியைத் திறக்காதீர்கள். குஞ்சு முதலில் உள்ளே உள்ள காற்றறையைக் குத்தி மூச்சு விடும். காதை வைத்துக் கேட்டால் ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சிடும். பிறகு ஓட்டில் ஒரு நட்சத்திர வெடிப்பு. அப்புறம் ஒன்றுமே நடக்காது. ஒருநாள் ஆகும், சில சமயம் இரண்டு நாள்கூட. ஆசிரியர்கள் கைவைப்பது இங்கேதான். உள்ளே குஞ்சு ஓய்வெடுக்கவில்லை, மஞ்சள் கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது, ஓட்டின் உட்படலத்தில் ஓடும் ரத்தத்தையும் வாங்கிக்கொள்கிறது. அதற்குள் ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும், குஞ்சு பிழைப்பது அரிது. மூடியைத் திறந்தால் ஈரம் போய்ப் படலம் காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், திரும்பக்கூட முடியாது. பழைய கைப்பேசி ஒன்றை மூடிக்கு மேல் நிறுத்திப் படம்பிடியுங்கள், கை சும்மா இருக்கும்.

பொரித்த குஞ்சுக்கு முதல் 24 மணி நேரம் தீனி வேண்டாம், உள்ளிழுத்த மஞ்சள் கருவே போதும். இறகு உலர்ந்ததும் பெட்டிக்கு மாற்றுங்கள். கீழே செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி விரிந்து முடமாகிவிடும். பழைய துண்டோ ரப்பர் பாயோ போடுங்கள். முதல் வாரம் 32 டிகிரி அளவு சூடு தேவை. ஏர்கான் இல்லாத அறையில் பகலில் அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியிருக்காது. குஞ்சுகள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டால் குளிர், வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. மருந்து கலக்காத கோழிக்குஞ்சுத் தீனியோடு கொஞ்சம் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் சேருங்கள், வாத்துக்கு நயசின் என்ற வைட்டமின் அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் கால் பலமிழக்கும். ரொட்டி கூடாது. தண்ணீர்ப் பாத்திரம் மூக்கு நனையும் ஆழத்துக்கு இருக்கட்டும், குஞ்சு உள்ளே இறங்கும் அகலத்துக்கு வேண்டாம். தாய் இல்லாத குஞ்சின் தூவி சீக்கிரம் நனைந்து ஊறிவிடும். இரண்டாவது வாரம் வகுப்பு நாறத் தொடங்கும், அதனால் ஒரு வாரத்திலேயே அனுப்பிவிடுவது நல்லது.

வாத்துக் குஞ்சு பார்க்க நலமாக இருந்தாலும் சல்மனெல்லா கிருமியைச் சுமக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட நர்சரிப் பிள்ளைகள் பார்க்கட்டும், தொட வேண்டாம். உங்கள் கே2 பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, நீங்கள் பிடித்திருக்கும் குஞ்சின் முதுகைத் தடவலாம். முத்தம் கொடுக்கக்கூடாது, பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். பிள்ளைகள் சாப்பிடும் அறையில் பெட்டியை வைக்கவே கூடாது. ஆஸ்துமா, இறகு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் யார் என்று முன்கூட்டியே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள்.

குஞ்சை ஏற்றுக்கொள்ள ஆள் கிடைக்கவில்லையா? இன்குபேட்டர் வாங்காதீர்கள். ஒரு தொட்டியில் கறிவேப்பிலை, இன்னொன்றில் எலுமிச்சை வைத்துப் பள்ளித் தோட்டத்தில் வெயில் படும் இடத்தில் விடுங்கள். பட்டாம்பூச்சி தானே வந்து இளந்தளிரில் முட்டையிடும். பறவை எச்சம் போலிருக்கும் புழு பச்சையாக மாறி, கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் செடியிலிருந்தே பறந்துபோகும், யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. செடிக்கடையில் வாங்கும்போது பூச்சிமருந்து அடித்ததா என்று கேளுங்கள். அடித்திருந்தால் சில வாரம் வெளியே வைத்து, புதுத் தளிர் விட்ட பிறகு வகுப்பை அழைத்துப்போங்கள்.