தங்கைக்கு இன்ஜினியரிங் சீட், அண்ணனுக்கு ஆன்லைன் பட்டம்: உதவிப் பணம் எப்போது, யார் கணக்கில் வரும்?

கேள்வி: பேரையூர் பக்கம் கிராமம். அப்பா கொத்தனாருக்குக் கையாள், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். நாங்கள் சீர்மரபினர். தங்கை ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கலந்தாய்வில் மதுரையில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி கிடைத்திருக்கிறது. முதல் பட்டதாரி சான்றிதழை விண்ணப்பத்திலேயே ஏற்றிவிட்டோம். கல்லூரியில் முதல் ஆண்டுக்கு 1,10,000 ரூபாய் என்று சீட்டு தந்தார்கள்: படிப்புக் கட்டணம் 55,000, பஸ் 30,000, இதர வகை 25,000. "முழுசாக் கட்டிருங்க, அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தர்றோம்" என்கிறார்கள். தங்கைக்கு எதையெல்லாம் சேர்த்து வாங்கலாம்? நான் டிப்ளமோ முடித்து கப்பலூரில் வேலை பார்க்கிறேன். ஆன்லைனில் பி.பி.ஏ. படிக்க ஆசை. எனக்கும் ஏதாவது கிடைக்குமா?

பதில்: தங்கைக்குக் கிடைக்கக்கூடியவை நிறையவே இருக்கின்றன. ஆனால் எல்லாத் தொகையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி, "பணம் தேறிவிட்டது" என்று நினைத்துவிடாதீர்கள். சில உதவிகள் கல்லூரி பில்லிலேயே கழிந்துவிடும். சில பல மாதம் கழித்து மாணவியின் கணக்குக்கு வரும். கல்விக்கடன் திருப்பிக் கட்ட வேண்டியது. சேர்க்கை நாளில் கையில் காசாக எந்த உதவித்தொகையும் வந்து நிற்காது. எனவே ஒவ்வொன்றைப் பற்றியும் எவ்வளவு என்பதோடு எப்போது, யார் கணக்கில் என்பதையும் கேட்டு வையுங்கள்.

பில்லில் கழிவது முதல் பட்டதாரி சலுகை. கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேருபவருக்கு மட்டும்தான் இது. நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. வருமான உச்சவரம்பு இல்லை. பொறியியலில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை படிப்புக் கட்டணத்தில் குறையும். அந்தப் பணத்தை அரசு கல்லூரிக்குத்தான் தருகிறது, உங்களுக்கு அல்ல. ஆகவே 55,000-இல் 25,000 போக மீதியை வாங்குவதுதான் முறை. முழுத் தொகையையும் கட்டச் சொல்வது, அரசு தாமதிக்கும் பணத்துக்கு உங்களை முன்பணம் போட வைப்பது. கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணையையும், சான்றிதழோடு பெற்றோரும் தங்கையும் கையெழுத்திட்டுக் கொடுத்த கூட்டு உறுதிமொழியையும் காட்டி, கழித்த தொகைக்கு ரசீது கேளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறும். மாறவில்லையென்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும், முதல்வரின் முகவரி 1100 எண்ணுக்கும் புகார் கொடுக்கலாம். இந்தச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். இப்போது நீங்கள் பட்டதாரி இல்லை என்பதால் தங்கைக்குத் தடை இல்லை. அடுத்து ஒரு தம்பி இருந்தால் அவருக்குக் கிடைக்காது.

அந்த "இதர வகை 25,000" என்ன என்பதையும் வரி வரியாகப் பிரித்துக் கல்லூரி முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். வங்கி கடன் தரும்போது இப்படிப் பிரித்துக் காட்டிய தொகையைத்தான் கணக்கில் எடுக்கும். மொட்டையாக "இதர" என்று போட்ட தாளை மேலாளர் ஓரமாக வைத்துவிடுவார்.

அடுத்து, கணக்குக்கு வருபவை. புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவானது. உங்கள் தங்கை இதில் வருகிறார். மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும்வரை. விண்ணப்பம் கல்லூரி மூலமாகத்தான். வேறு உதவித்தொகை வாங்குகிறார் என்று சொல்லி இதை மறுக்க மாட்டார்கள். மதுரைக்கு பஸ்ஸில் போய் வரும் பிள்ளைக்கு இந்த ஆயிரம் சின்னக் காசு அல்ல.

சீர்மரபினருக்கான கல்வி உதவித்தொகையை மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் நலத்துறை தருகிறது. தொழிற்படிப்புக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதுவும் கல்லூரி வழியாக, உயர்கல்வி மாணவர் விவரங்களுக்கான யூமிஸ் என்ற அரசுத் தளத்தில். முதல் பட்டதாரி சலுகையில் ஏற்கெனவே கழிந்த தொகையை இங்கே மறுபடி கேட்க முடியாது. ஒரே கட்டணத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வராது. வருமானச் சான்றை அந்தந்தக் கல்வியாண்டுக்கு இ-சேவை மையத்தில் புதிதாக எடுத்து வையுங்கள். கட்டணம் 60 ரூபாய்தான். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று கடந்து போக வேண்டும் என்பதால், கடைசி நாளுக்கு முந்தின வாரம் ஓடினால் கிடைக்காது.

பலரும் கவனிக்காமல் விடுவது அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி உதவித்தொகை. ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி பெற்ற கல்லூரியில் பட்டம் அல்லது டிப்ளமோவில் சேரும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதும். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். தேசிய உதவித்தொகை தளத்தில் ஆதார் வைத்து ஒருமுறைப் பதிவு செய்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும். எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, தேர்வு மதிப்பெண் அடிப்படையில். அதனால் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். மற்ற அரசு உதவித்தொகையோடு சேர்த்து வாங்கக்கூடாது என்ற நிபந்தனையும் இதில் இருக்கிறது. கிடைத்தால் எதை விட்டு எதை வைத்துக்கொள்வது என்று கல்லூரியின் உதவித்தொகைப் பொறுப்பாளரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தேசிய உதவித்தொகை தளத்தில் "சமர்ப்பித்துவிட்டோம்" என்றதும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். விண்ணப்பம் முதலில் போவது கல்லூரிக்கு. அங்கே பொறுப்பாளர் சரிபார்த்து அடுத்த கட்டத்துக்கு அனுப்பாவிட்டால், மாணவி தகுதியானவராக இருந்தாலும் அது அங்கேயே முடிந்துபோகும். குறை இருந்தால் திருத்தச் சொல்லித் திரும்பி வரும், அதற்கும் ஒரு கடைசித் தேதி இருக்கும். வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பாருங்கள்.

தகுதி இல்லாமல் பணத்தை இழப்பவர்களைவிட, பெயரும் கணக்கும் சரியில்லாமல் இழப்பவர்கள் அதிகம். நம் ஊர்ப் பெயர்களில் இந்தச் சிக்கல் கூடுதல். மதிப்பெண் சான்றிதழில் "பாண்டிச்செல்வி க" என்று ஒரே சொல். ஆதாரில் "பாண்டி செல்வி" என்று இடைவெளி விட்டு, இன்ஷியல் இல்லாமல். வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயரையும் சேர்த்து முழுநீளமாக. ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு மூன்று இடத்தில் மூன்று விதம். நமக்கு ஒரே பிள்ளை, கணினிக்கு மூன்று பேர். மூன்றையும் ஒரே மேசையில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் மதிப்பெண் சான்றிதழை மாற்றப் போகாதீர்கள், அது நீண்ட வேலை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்துங்கள், பிறகு வங்கியில் அதையே காட்டுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். இ-சேவை ஆள் தட்டச்சு செய்ததை அனுப்பும்முன் நீங்களே ஒரு முறை படித்துவிடுங்கள்.

கணக்கு விஷயத்தில் நடக்கும் குழப்பம் இது. "ஆதாரை பாங்கில் இணைச்சாச்சு" என்பார்கள். வங்கியில் அடையாள ஆவணமாக ஆதார் கொடுத்திருப்பார்கள், அவ்வளவுதான். அரசுப் பணம் வருவதற்கு அந்தக் கணக்கு, வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் அமைப்பான என்.பி.சி.ஐ.யின் பட்டியலில் ஆதாரோடு சேர்க்கப்பட வேண்டும். வங்கியில் இதை ஆதார் சீடிங் என்பார்கள், தனியாகப் படிவம் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும், கடைசியாக சீடிங் செய்த ஒன்றுக்குத்தான் பணம் போகும். பள்ளியில் படிக்கும்போது ஒரு கணக்கு, போஸ்ட் ஆபீஸில் ஒன்று, கல்லூரி வளாகத்தில் புதிதாக ஒன்று என்று திறந்தவர்கள், பணம் விழுந்த கணக்கை விட்டுவிட்டு வேறு கணக்கைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். மை ஆதார் தளத்தில் வங்கி சீடிங் நிலை என்ற பகுதியில் எந்த வங்கி என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். இருப்புக்கும் வரவுக்கும் வரம்பு உள்ள சிறு கணக்கோ, நீண்ட நாள் பயன்படுத்தாமல் முடங்கிய கணக்கோ என்றால் வந்த பணம் திரும்பிப் போகும். ஒரு நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள்.

சலுகை போக முதல் ஆண்டுக்கு நிற்பது 85,000. அதற்குத்தான் கல்விக்கடன். 4 லட்சம் வரை சொந்தப் பங்குத் தொகையும் வேண்டாம், சொத்து ஜாமீனும் வேண்டாம்; பெற்றோர் ஒருவர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்கு மேல் 7.5 லட்சம் வரையும் கடன் உத்தரவாதத் திட்டம் இருப்பதால் ஈடு கேட்கத் தேவையில்லை. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து, அந்தப் பதிவு எண்ணோடு கிளைக்குப் போங்கள். ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரியின் ஆண்டுவாரிக் கட்டண விவரம், மதிப்பெண் சான்றிதழ்கள், இருவரின் ஆதாரும் பான் கார்டும், வருமானச் சான்று ஆகியவை வேண்டும். தங்கைக்கு பான் கார்டு இல்லையென்றால் இன்றே போடுங்கள்.

வட்டியை ஒரு கணக்காகப் பார்ப்போம். ஆண்டுக்கு 75,000 வீதம் நான்கு ஆண்டில் 3 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்புக்காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் தனி வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் ஆண்டு வாங்கிய 75,000-க்கு ஐந்து ஆண்டு வட்டி, அடுத்த ஆண்டு வாங்கியதற்கு நான்கு என்று கூட்டினால் 37,500, 30,000, 22,500, 15,000. ஆக 1,05,000 ரூபாய். பெற்றோர் வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அல்லது என்.பி.ஏ. அமைப்பின் அங்கீகாரம் உள்ள தொழிற்படிப்பு என்றால், மத்திய அரசின் வட்டி மானியத்தில் இந்த 1,05,000-ம் அரசே கட்டும். மானியம் தானாக வராது. கிளை ஒவ்வொரு ஆண்டும் உரிய தளத்தில் கோர வேண்டும். வருமானச் சான்றைக் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள். ஆண்டுக்கொருமுறை "மானியம் கோரியாச்சா" என்று நேரில் கேளுங்கள். கல்விக்கடனுக்காக மத்திய அரசு 2024-இல் கொண்டுவந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் கல்லூரி பெயர் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கடன் எங்கே முட்டும்? முதலாவது "இது எங்க ஏரியா இல்லை" என்பது. கிளை எல்லையைக் காரணம் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். இரண்டாவது அப்பா அம்மாவின் கடன் வரலாறு. அம்மாவின் மகளிர் குழுக் கடனோ, நகைக்கடனோ தவணை தவறியிருந்தால் அங்கே தெரியும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். முன்னதாக எடுத்துப் பார்த்து, நிலுவையைத் தீர்த்து ரசீதோடு போங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாவட்டத்தில் வங்கிகளை ஒருங்கிணைக்கும் வங்கியை முன்னோடி வங்கி என்பார்கள்; மதுரை மாவட்டத்துக்கு அது கனரா வங்கி. அதன் மாவட்ட மேலாளரிடமும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தொலைபேசி 14448, கட்டணம் இல்லை.

இனி உங்கள் விஷயம். ஆன்லைன், தொலைநிலைப் படிப்புக்கு உதவித்தொகை குறைவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன், மாணவிகளுக்கான புதுமைப் பெண், மதிப்பெண் அடிப்படையிலான மத்தியத் துறை உதவித்தொகை எல்லாமே நேரடி வகுப்புக்குத்தான். எனவே உதவித்தொகையைத் தேடி அலைவதைவிடக் கட்டணம் குறைந்த இடத்தைத் தேடுவதுதான் உங்களுக்கு லாபம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு (இக்னோ) மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் உண்டு. இரண்டின் கட்டணத்தையும் பார்த்துவிட்டுத் தனியார் ஆன்லைன் பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தைப் பாருங்கள்.

எங்கே சேர்ந்தாலும், அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு, அந்த ஆண்டு மூன்றுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று அதன் தளத்தில் பாருங்கள். 2024-இல் இருந்து டெப் ஐடி என்ற எண்ணை நீங்களே உருவாக்கித்தான் சேர முடியும். "அதெல்லாம் நாங்க போட்டுக்கிறோம்" என்று சொல்பவரிடம் ஆதார் ஓ.டி.பி.யைக் கொடுத்துவிடாதீர்கள். இன்றைக்குள் சேர்ந்தால் பாதிக் கட்டணம் ஸ்காலர்ஷிப் என்று போனில் அவசரப்படுத்தினால், அது விற்பனைத் தள்ளுபடி, உதவித்தொகை அல்ல. "வட்டியில்லாத் தவணை" என்று நீட்டும் படிவத்தையும் நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். ஆறு மாதத்தில் படிப்பை விட்டாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் உங்கள் கடன் வரலாற்றில் ஏறும். நாளைக்குத் தங்கையின் கடனுக்கு நீங்கள் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டி வந்தால், முதலில் தட்டுவது அதுதான்.

பட்டம் வேண்டாம், வேலையில் உயர ஏதாவது பாடம் போதும் என்றால் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். என்ற ஆன்லைன் பாடத் தளம் இருக்கிறது. பாடம் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் ஒரு தேர்வுக்கு 1,000 ரூபாய்.