அமெரிக்கன் ஃபுட்பாலில் ‘பண்டர்’ என்பவர் யார்? அவரால் எப்படி இத்தனை வருஷம் ஆட முடிகிறது?

பந்தை எதிரணிப் பக்கம் உதைத்து அனுப்புவதற்கென்றே இருக்கும் ஆட்டக்காரர்தான் பண்டர். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறாவிட்டால், பந்து நின்ற இடத்திலேயே கைமாறிவிடும். அதனால் நான்காவது முயற்சியில் இவர் வந்து, பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டு, தரையைத் தொடுமுன் ஓங்கி உதைப்பார். கேரமில் காய் விழாது என்று தெரிந்தால் எதிராளிக்கு வாகில்லாத மூலைக்கு நகர்த்திவிடுவோமே, அதுபோலத்தான்.

தூரம் மட்டும் போதாது. பந்து நாலரை நொடியாவது மேலே நின்றால்தான் சக ஆட்டக்காரர்கள் ஓடிப்போய், பந்தைப் பிடிக்கும் எதிராளியை மடக்க முடியும். அந்த உயரம்தான் உண்மையான வித்தை!

மோதல் குறைவு, அதனால் ஆயுள் அதிகம். ஜெஃப் ஃபீகிள்ஸ் என்ற பண்டர் 1988 முதல் 2009 வரை 22 சீசன்களில், ஒன்றைக்கூடத் தவறவிடாமல் 352 ஆட்டங்கள் ஆடினார்.

கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பவர் இவரல்ல. அவர் ‘கிக்கர்’, பெரும்பாலும் வேறு ஆள்.