பழைய அவெஞ்சர் 220 வாங்கலாமா?

2016 மாடல் பஜாஜ் அவெஞ்சர் 220 குரூஸ் பைக், ஓனர் 55,000 ரூபாய் சொல்கிறார், எனக்கு உயரம் குறைவு, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சீட் உயரம் 737 மி.மீ. தான், இரண்டு காலும் தாராளமாக ஊன்றலாம். முதுகு வளையாமல், விரட்டாமல் ஓட்டும் சுகத்துக்காகவே இன்றும் இதைத் தேடுகிறார்கள்.

காலையில் போங்கள், வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்ய வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் சந்தேகம்தான், குறையை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, அந்த வண்டியே வேண்டாம். அப்புறம், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் விரலால் தடவுங்கள். எண்ணெய் ஒட்டினால் உள்ளே எண்ணெயைத் தடுக்கும் சீல் போய்விட்டது, அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறையுங்கள். ஆர்சி புத்தகத்தில் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், அவர்கள் தரும் என்ஓசியும் (தடையில்லாச் சான்று), ஆர்சியிலிருந்து அந்தக் கடன் குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் கைக்கு வராமல் முன்பணம் தராதீர்கள்.